பாக்கர் பெயரில் சேமித்த வேலை

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. காலை நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம். இன்றைக்கு ராஜா கதையும் இல்லை, பேய்க் கதையும் இல்லை. வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்ட ஒரு பெண்ணின் கதையைச் சொல்லப்போகிறேன். அவளைத் திட்டுவதென்றால் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் போகிற சாலையில் செல்லச்சாமி பட்டறை வைத்திருந்தார். சிக்கல் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். நிலம் மழையை நம்பிக் கிடந்தது. இவர் விசைப்படகுகளை நம்பினார். இரண்டாயிரத்து ஏழில், கம்ப்யூட்டர் சொன்னபடி தானே கடையும் லேத் ஒன்றை வாங்கிப் போட்டார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவள் அவருடைய அக்கா மகள் நாகலெட்சுமி, பாலிடெக்னிக் படித்தவள். மிஷினில் நின்றவர் பால்சாமி. அவரைப் பெற்ற அய்யா நாகலெட்சுமி வீட்டு வயலில் கூலிக்கு இறங்கியவர். அதனால் பட்டறையிலும் அவர் அவளைத் 'தாயி' என்றுதான் கூப்பிடுவார்.

எந்தக் கருவி, எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம் என்று ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அவள் வேலை. ஒரு தரம் சொன்னதைச் சேமித்து வைத்தால், அடுத்த சாமானுக்கு அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். நீள அகலங்களைப் புதுப் படத்திலிருந்து அதுவே பிடித்துக்கொள்ளும். வேகமும் வெட்டும் ஆழமும் மட்டும் பழையபடி நிற்கும். உலோகம் மாறினால் அதை ஆள்தான் பார்த்து மாற்ற வேண்டும்.

நம் பக்கத்தில் சாமான் நம்பர் சொல்லி யார் வேலை கேட்கிறார்கள்? 'முனியசாமி படகுக்குப் போட்டது மாதிரி' என்பார்கள். ஆகவே அவளும் சேமித்த வேலைகளுக்கெல்லாம் படகுக்காரர்களின் பெயரையே வைத்திருந்தாள்.

மறுவருடம் மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிற நேரம். கரையேற்றிய படகுகளெல்லாம் ஒரே நாளில் கடலில் இறங்கத் துடிக்கும். பட்டறையில் சோறு தின்ன நேரமிருக்காது. புதுமடம் பாக்கர் ஒரு உலோக உருளையைக் கொண்டுவந்து இறக்கினார். எஞ்சினையும், படகைத் தள்ளும் இறக்கையின் தண்டையும் சேர்க்கிற கப்ளிங் வேண்டும். போன வருடம் அவருக்குச் செய்தது கன்மெட்டல் என்கிற வெண்கலத்தில். அது வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். இந்தத் தரம் எவர்சில்வர். அது முரடு, நிதானமாகத்தான் போக வேண்டும். பாக்கர் அதைச் சொல்லிவிட்டுத்தான் போனார். நாகலெட்சுமி தலையாட்டவும் செய்தாள். அப்புறம் 'பாக்கர்' என்ற பெயரைத் திறந்து, பழைய வேலையைப் புதுப் படத்தில் போட்டாள். திரையில் எல்லாம் சரியாக ஓடியது. மிஷினுக்கு அனுப்பிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

பால்சாமி பொத்தானை அழுத்தியதும் பட்டறையே அதிர்ந்தது. துளைக்குள் போன கருவி ஒடிந்து, உருளை பிடியிலிருந்து எகிறி, மிஷின் கதவை நெளித்துவிட்டு விழுந்தது. பால்சாமி பதறி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை ஒரேயடியாகக் குறைத்து நிறுத்தினார். அது முதலில் எங்கே நின்றது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அவசரத்துக்கு அந்தத் திருகைக் கூட்டி வைப்பது எல்லாப் பட்டறையிலும் உள்ள பழக்கம்தான். செல்லச்சாமி வந்ததும் அதைத்தான் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் திருகிவிட்டாய் என்றார். தொடவே இல்லை என்று பால்சாமி சொல்லிப் பார்த்தார். பிறகு நாகலெட்சுமி பக்கம் திரும்பினார்.

"தாயி, நீங்க பாத்தீகள்ல? நான் அங்கன கையே வைக்கலைல?"

"நான் கம்ப்யூட்டர்ல இருந்தேண்ணே. பாக்கல."

பொய் இல்லை, பாருங்கள். அவள் பார்க்கவில்லைதான். ஆனால் அந்த நேரத்துக்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கன்மெட்டல் வேகம் அவள் கண்முன்னே திரையில் நின்றுகொண்டிருந்தது.

இனி இந்தப் பக்கம் வராதே என்றார் செல்லச்சாமி. பால்சாமி சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் அவள் வேகத்தைக் குறைத்தாள், ஆழத்தைக் குறைத்தாள், அதே பெயரில் மேலேயே சேமித்தாள். பழையது இருந்த தடமே இல்லை.

மிஷினைச் சரிசெய்தபின் செல்லச்சாமியே நின்று ஓட்டினார். கப்ளிங் பளபளவென்று வந்தது. அவர் அதைக் கையில் உருட்டிக்கொண்டு பாக்கரிடம் காட்டினார்.

"பாத்தீகளா பாய், அதே புரோகிராம்தான். நான் ஓட்டுனா ஓடுது."

அவள் திருத்தியதே பால்சாமிக்கு எதிரான சாட்சியாகப் போயிற்று. செல்லச்சாமி மற்றப் பட்டறைக்காரர்களிடமும் அவரைப் பற்றிப் போனில் சொல்லிவைத்தார். பரமக்குடிப் பட்டறையிலும் அவருக்குக் கதவு அடைபட்டது. சிக்கல் பக்கம் கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடப் போய்விட்டார் என்று நாகலெட்சுமி கேள்விப்பட்டாள். சோற்றைப் பிசைவாள், வாய்க்குப் போகாது.

ஒரு நாள் சிக்கலுக்குப் பஸ் ஏறினாள். கரிப்புகைக்குள் நின்றவரை முதலில் அடையாளம் தெரியவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னாள், சேமித்து அழித்தது உட்பட. அவர் மூட்டைவாயைத் தைத்துக்கொண்டே கேட்டார். ஊசியை நிறுத்தவில்லை.

"இத என்கிட்ட சொல்லி என்ன தாயி ஆகப்போகுது? நான் திருகலைன்னு எனக்கு முன்னயே தெரியுமே. தெரியாதவுககிட்ட சொல்லுங்க."

அழுதுவிட்டுப் போகலாம் என்று வந்தவளுக்கு அந்த இடமும் இல்லாமல் போயிற்று.

திரும்பி வந்து மாமனிடம் சொன்னாள். செல்லச்சாமி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். ஆளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம், இது நமக்குள் இருக்கட்டும் என்றார்.

"உன் பேரு எதுக்கு ஆத்தா வெளிய போகணும்?"

"அவரு பேரு வெளிய போயிருச்சே மாமா."

மாமன் மேசையிலிருந்த போனை அவளே எடுத்தாள். அவர் யார் யாரிடம் சொன்னாரோ அவர்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பால்சாமி திருகவில்லை, புரோகிராமில் வேகத்தை மாற்றாமல் விட்டது நான் என்றாள். ஒருவர் சிரித்தார். ஒருவர், பொம்பளைப் பிள்ளையை நம்பி மிஷின் வாங்கினால் இப்படித்தான் என்றார். அதையும் கேட்டுக்கொண்டு அடுத்த எண்ணைப் போட்டாள். செல்லச்சாமி எழுந்து வெளியே போய்விட்டார், போனைப் பிடுங்கவில்லை.

பரமக்குடிக்காரர் பால்சாமிக்கு ஆள் அனுப்பினார். பிறகு செல்லச்சாமியும் போய்க் கூப்பிட்டார். வாரேன் என்று மரியாதைக்குச் சொன்னாரே தவிர, பால்சாமி வரவில்லை. பரமக்குடி மிஷினிலேயே நின்றுவிட்டார். நாகலெட்சுமியை அவர் மன்னித்தாரா என்று கேட்காதீர்கள் கண்ணுகளா. அவளும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தாள்.

நேரமாயிற்று, எழுந்திருங்கள். உங்கள் வீட்டு உலை குறையாமல் கொதிக்கட்டும். வேலைக்குப் போனவர்கள் கைகால் சுகத்தோடு வந்து சேரட்டும். செய்யாத தப்புக்கு உங்கள் வீட்டில் யாரும் தலை குனியாமல் இருக்கட்டும். செய்த தப்பைச் சொல்ல உங்கள் பிள்ளைகளுக்கு நாக்கு எழட்டும்.