மேலிடத்தில் உட்கார்ந்த களவா

களவா மீன் செய்த்கானை விழுங்கியபோது அவன் மீன்தொட்டியிலிருந்து பதினோரு கிலோமீட்டர் தள்ளி, நிலக்கரிச் சுரங்கத்தின் குளியலறையில் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான். உடன் குளித்தவர்கள் பார்த்தார்கள். முதலில் தலை போனது, பிறகு தோள், பிறகு இடுப்பு. முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் நுரையோடு சற்று நேரம் நின்றுவிட்டுச் சாய்ந்தன. தரையெல்லாம் ரத்தமும் உப்புத் தண்ணீரும். அதே நேரத்தில் அவன் அண்ணனின் கல்யாண மண்டபத்துத் தொட்டியில் ஒரு மஞ்சள் மீனின் வால் மட்டும் மிதந்துகொண்டிருந்தது. உருளைக்கிழங்கு விலை இரண்டு மடங்கான டிசம்பரில், காரகண்டாவில் இது நடந்தது. கடலைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்த ஊர் எங்களுடையது. இருந்தும் போலீஸ்காரர் ‘கடல்நீரில் மூழ்கிச் சாவு’ என்று எழுத, மேலதிகாரி மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அக்டோபரில் இன்னொரு சகோதரன் ஒராஸ் செத்தபோதும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். ஒராஸ் லாரி ஓட்டியவன். உள்பக்கம் பூட்டியிருந்த லாரியில் ஸ்டியரிங் மட்டத்துக்கு உப்புத் தண்ணீர் நின்றது. ஆளைக் காணோம், ஒரு பூட்ஸ் மிதந்தது.

அவர்கள் நான்கு சகோதரர்கள். மூத்தவன் துங்கிஷ்பாய், கல்யாண மண்டப முதலாளி; பிறகு ஒராஸ், செய்த்கான், கடைசியில் கென்ஜெபெக். அப்பாவின் வீடு கடைசி மகனுக்கு என்பது எங்கள் வழக்கம். அதனால் மண்டபத்தை ஒட்டியிருந்த வீட்டில் கென்ஜெபெக்கும் அவன் மனைவி குன்சுலுவும் இருந்தார்கள். அந்த வீட்டை இடித்து மண்டபத்தை நீட்டவேண்டும் என்பது துங்கிஷ்பாயின் ஆசை. அப்பா செத்து ஒரு வருடம் ஆனதும் சமாதானச் சின்னமாக ஒரு கடல்மீன் தொட்டி வாங்கினான். தனக்கென்று தொடை தடிமனில் ஒரு களவா, தம்பிகளுக்கு ஆளுக்கொரு சின்ன மீன். அவரவர் மீனுக்கு அவரவர் பெயர், அவரவர் கையாலேயே உள்ளே விடவேண்டும் என்று ஏற்பாடு. அல்மாத்தியிலிருந்து மீன்களை அனுப்பிய கிம் செர்கேய் என்ற கொரிய வியாபாரி, சின்ன மீன்களை முதலில் விட்டு, அவை இடம் பிடித்த பிறகே பெரியதை விடவேண்டும் என்று போனில் மூன்று தடவை சொன்னார். துங்கிஷ்பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பெரியவன் வாசல்ல நிக்கணும், பொடிப்பசங்க உள்ள போய் உக்காரணுமா? இது வீடுய்யா, பஸ் ஸ்டாண்டு இல்ல.”

விருந்து வீட்டில் மூத்தவர் முதலில் நுழைந்து, வாசலுக்கு எதிர்ச்சுவரை ஒட்டிய மேலிடத்தில் உட்கார்வார். மற்றவர்கள் வயதுப்படி கீழே கீழே. அந்த முறைப்படியே களவா முதலில் இறங்கியது, நடுப்பாறையின் கீழே இருந்த குகையில் போய் உட்கார்ந்தது. தம்பிகளின் மீன்கள் பின்னால் போயின. அந்த வியாபாரியின் பேச்சை வேறு எந்த ஊர்க்காரனாவது கேட்டிருப்பான். எங்களுக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது, எனக்கும்தான்.

ஒராஸ் போன அன்றே தொட்டியில் அவன் மீனையும் காணவில்லை என்றதும் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. கென்ஜெபெக்கின் கோடுபோட்ட கோமாளி மீனை வலைபோட்டு வெளியே எடுத்துப் பார்த்தார்கள். எடுத்த மாத்திரத்தில் அவன் தரையில் விழுந்து, வாயைத் திறந்து திறந்து மூடி நீலம் பாரித்தான். அவசர அவசரமாக மீனைத் திரும்பப் போட்டார்கள். உயிரோடு இருக்க அந்தத் தண்ணீரை விட்டால் வேறு தண்ணீர் ஊரில் இல்லை. செய்த்கான் ஒருநாள் பனிக்கட்டி உடைக்கும் கடப்பாரையோடு மண்டபத்துக்குள் போனான். கண்ணாடிக்குப் பின்னால் களவா மேலிடத்தில் அசையாமல் இருந்தது. மேலிடத்தில் இருக்கும் மூத்தவன்மேல் கைவைக்க எங்கள் ஆள் எவனுக்கும் கை வராது. அவன் ஆத்திரம் தீர நாற்பது நாற்காலிகளை உடைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். பத்தாம் நாள்தான் அந்தக் குளியலறை.

செய்த்கானின் நாற்பதாம் நாள் சாப்பாட்டில், ஆட்டுத்தலை பரிமாறிய கையோடு துங்கிஷ்பாய் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டான். கென்ஜெபெக் தலையை ஆட்டி மறுத்தான். அண்ணன் ஆட்டுத்தலை இருந்த தட்டாலேயே அவன் வாயில் அடித்ததில் முன்பல் இரண்டு சோற்றில் விழுந்தன. மறுநாள் முதல் களவாவுக்குத் தீனி போடக்கூடாது என்று உத்தரவு. அன்றிலிருந்து துங்கிஷ்பாய்க்கும் பசி அடங்கவில்லை. குதிரை விலாவை ஒரு தட்டு தின்றுவிட்டு இன்னொரு தட்டு கேட்பான். கோமாளி மீன் ஒரு பாறை இடுக்கில் போய் ஒண்டியது. கென்ஜெபெக் அடுப்புக்குப் பின்னால் போய் ஒண்டினான். களவா இடுக்கை முட்டியபோதெல்லாம் அவன் முதுகில் தோல் கிழிந்தது. பாறை கொஞ்சம் கொஞ்சமாக நகர்வது வெளியிலிருந்தே தெரிந்தது.

குன்சுலு தினமும் அந்த முதுகைத் துடைத்தாள். அந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருடம். மூத்தார் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. ‘பெரியத்தான்’ என்றுதான் அழைப்பாள். கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் அவள் முதல்முதலாக நீட்டிய டீக் கிண்ணத்தை அவன் ஒரு வாய்கூடக் குடிக்காமல் திருப்பித் தள்ளி, “ஆறிப்போச்சு மருமகளே, வேற போட்டுட்டு வா” என்று சொல்லியிருந்தான். தம்பி மனைவியையும் மருமகள் என்றே கூப்பிடுவது எங்கள் வழக்கம். டீயில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அதை அவள் மறக்கவில்லை.

அவள் கிம் செர்கேய்க்குப் போன் செய்தாள். தப்பை இன்னும் திருத்தலாம் என்றார் அவர். பெரியதை வெளியே எடுக்கவேண்டும். அதற்கென்று ஒரு மூலைகூட மிஞ்சாதபடி பாறைகளை எல்லாம் இடம் மாற்றவேண்டும். இன்னும் நிறையச் சின்ன மீன்களை விட்டு, அவை இடம் பிடித்த பிறகு, பெரியதைத் துணியில் மூடிக் கொண்டுவந்து கடைசியாக விடவேண்டும். “அப்பத்தான் அது நம்ம வீடு இல்ல போலன்னு பயந்து அடங்கும்மா” என்றார். குன்சுலு பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தாள். அவர் சொன்னது, முக்காட்டோடு கடைசி ஆளாக அவள் இந்த வீட்டுக்கு வந்த கல்யாணத்தை அல்லவா?

மண்டபத்தில் விசேஷம் இல்லாத ஒரு திங்கட்கிழமை காலை, அல்மாத்தி ரயிலில் வந்த பன்னிரண்டு சின்ன மீன்களோடும், ஒராஸ், செய்த்கான் இருவரின் விதவைகளோடும் அவள் உள்ளே போனாள். ஆண்களுக்கு வராத கை அவளுக்கு வந்தது. தோள்வரை தொட்டிக்குள் விட்டாள். களவா கவ்வியது. இடதுகையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் போயின, தண்ணீர் சிவந்தது. அவள் மற்றக் கையைச் செவுளுக்குள் கொக்கிபோல் மாட்டி, இழுத்துத் தரையில் அடித்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்த துங்கிஷ்பாய் வாசற்படியிலேயே விழுந்தான். கழுத்தின் இருபுறமும் தோல் பிளந்து, உள்ளே சிவப்பாக மூடித் திறந்தது. ஒராஸின் விதவை சமையலறையிலிருந்து இறைச்சிக் கத்தியை எடுத்துவந்து மீனின்மேல் குனிந்தாள்.

“வேணாம்க்கா” என்றாள் குன்சுலு. கையிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. “செத்துட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும். மருமகளா வரட்டும்.”

கத்தி சற்று நேரம் காற்றில் நின்றது. மூன்று பெண்களும் அவரவர் வாழ்க்கைப்பட்டு வந்த நாளை நினைத்திருக்க வேண்டும். பிறகு மீனைத் தொட்டித்தண்ணீர் நிரப்பிய அண்டாவில் போட்டு, குன்சுலுவின் கல்யாணச் சிவப்பு முக்காட்டால் மூடினார்கள். துங்கிஷ்பாய் வாசற்படியில் மூச்சிரைத்துக் கிடக்க, சாயங்காலம்வரை பாறைகளை மாற்றினார்கள். பன்னிரண்டு மீன்களும் உள்ளே போய், பொந்து பொந்தாகப் பிடித்துக்கொண்டன. கோமாளி மீன் இடுக்கிலிருந்து வெளியே வந்து, எதிர்ச்சுவர்ப் பக்கம் நடுவில் போய் நின்றது. அப்புறம்தான் முக்காட்டோடு களவாவை இறக்கினார்கள். விதவைகள் புதுப்பெண் முகம் திறக்கும் பாட்டை, வீட்டார் பெயர் ஒவ்வொன்றுக்கும் அவள் தலைவணங்கவேண்டிய அந்தப் பாட்டை, அழுதுகொண்டே பாடினார்கள். ஒவ்வொரு மீனின் பெயரைச் சொன்னபோதும் களவா தலையைத் தாழ்த்தியது, பதின்மூன்று தடவை. முக்காட்டை எடுத்ததும் அது வடிகுழாயோரமாக, கடைசி இடத்தில் போய் ஒடுங்கியது. இன்றுவரை மற்றவை தின்று முடித்த பிறகுதான் அது தின்கிறது.

மறுநாள் காலை ஐந்து மணிக்குத் துங்கிஷ்பாய் தலையில் துணி கட்டிக்கொண்டு தம்பி வீட்டு வாசலில் நின்றான். வலதுகாலை எடுத்துவைத்து நுழைந்து, எல்லோரையும் குனிந்து வணங்கி, டீக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் சமோவாரைப் பற்றவைத்தான். அறுபத்திரண்டு வயது, நூற்றுப்பத்துக் கிலோ. “அண்ணே, உக்காருங்கண்ணே” என்று கென்ஜெபெக் கெஞ்சிப் பார்த்தான். அவன் உட்காரவில்லை. தம்பியின் பெயரும் அன்று முதல் அவன் வாயில் வரவில்லை. முதல் வாரம் வேடிக்கை பார்க்க ஆள் வந்தார்கள், வசந்தத்துக்குள் பழகிவிட்டது. ரொட்டிதான் கொஞ்சம் கருக விடுகிறான் என்று பக்கத்து வீடுகளில் குறை உண்டு. செத்தவர்கள் திரும்பி வரவில்லை, அவர்கள் மனைவிகள் அவனை மன்னிக்கவும் இல்லை.

நான் போன வெள்ளிக்கிழமை அங்கே டீ குடித்தேன். குன்சுலு மேலிடத்தில் உட்கார்ந்திருந்தாள். துங்கிஷ்பாய் இரண்டு கையாலும் கிண்ணத்தை நீட்டினான். அவள் மூன்று விரலால் வாங்கி, ஆவி பறக்கும் டீயைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு வாய்கூடக் குடிக்காமல் திருப்பி நீட்டினாள்.

“ஆறிப்போச்சு மருமகளே. வேற போட்டுட்டு வா.”

அவன் தலையைத் தாழ்த்தி வாங்கிக்கொண்டு சமோவாரிடம் போனான்.