ஏழாவது தாழியின் கோடு

எவோரா நகரத்துக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தான். மருந்து வாங்க, துணி எடுக்க என்று வாரம் ஒருமுறை போய்க்கொண்டிருந்தவள் நான். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமைக்குப் பிறகு போகவே இல்லை. கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்று சொல்லி வைத்தேன்.

முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. நகரத்தின் நடுச் சதுக்கத்தில், என்னோடு வேலை பார்த்த பெலார்மினோ கஷ்கொட்டை சுட்டு விற்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

அப்போது பார்த்து வடக்கேயிருந்து என் சம்பந்தி ஒஃபேலியா வந்து இறங்கினாள். கல்யாணத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. பெண்ணைக் கொடுக்கும் ஊர் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தவள், எவோராவைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்றாள்.

"அம்மா, எனக்கு லீவு கிடைக்காது. நீயே கூட்டிட்டுப் போய்க் காட்டிடு," என்றான் என் மகன் தூலியோ.

சம்பந்தியிடம் முழங்கால் வலி என்று சொல்ல முடியுமா? கிளம்பினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததுமே அவள் என் தலையை உற்றுப் பார்த்தாள்.

"முடிக்குப் போட்ட வண்ணம் உங்களுக்கு எடுப்பா இருக்கு. எங்க போட்டீங்க?"

"எவோராவுலதான்."

"வேர்ல நரை எட்டிப் பாக்குது. போகும்போது இன்னொரு தடவ போட்டுக்கலாமே?"

"வேண்டாம்," என்றேன். கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வண்ணம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

அன்செல்மோவின் ஒயின் கூடத்தில் நான் பதினோரு வருஷமாக வேலை பார்த்துவந்தேன். ஆள் உயரத்துக்கும் மேலே பன்னிரண்டு மண் தாழிகள். செப்டம்பரில் திராட்சையை மிதித்துத் தோலோடு உள்ளே கொட்டிவிட்டால் இரண்டே நாளில் நொதித்துக் கொதிக்க ஆரம்பிக்கும். திப்பி மேலே ஏறி வாயை மூடும். ஏணியில் ஏறி நின்று மரத்துடுப்பால் அதைக் கீழே தள்ளிவிட வேண்டும். காலை, மதியம், மாலை என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை. தள்ளாவிட்டால் திப்பி கல்லாக இறுகி, அடியில் காற்று அடைபட்டுத் தாழியே வெடித்துவிடும். தள்ளியவர் தாழியின் வயிற்றில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். அன்செல்மோவின் அப்பா காலத்திலிருந்தே அதுதான் வழக்கம். கோடு இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

காலை முறை பெலார்மினோவுடையது. மதியம் என்னுடையது. மாலையில் அன்செல்மோவே தள்ளுவார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. என் மகனுக்கு ஞானத்தந்தை. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது, கோடு போடுவதைத் தவிர. சில தாழிகளுக்குக் கோடு போட மறந்து, சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். எவோராவில் முடிக்கு வண்ணம் போட மூன்று மணிக்கு நேரம் வாங்கியிருந்தேன். இரண்டு மணிக்கு பஸ். கூடத்துக்குள் ஓடினேன், பன்னிரண்டு தாழியிலும் கோடு போட்டேன், துடுப்பைத் தொடாமல் பஸ் ஏறிவிட்டேன். ஆறு மணிக்குள் திரும்பி வந்து தள்ளிவிடலாம், நான்கு மணி நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

நாலரை மணிக்கு ஏழாவது தாழி வெடித்தது. அதற்கு வாய் குறுகல். மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடிவந்த அன்செல்மோ முழங்கால் அளவு ஒயினில் நின்றுகொண்டு முதலில் பார்த்தது கோடுகளைத்தான். மதியக் கோடு எல்லாத் தாழியிலும் இருந்தது. காலைக் கோடு ஒன்பதில்தான் இருந்தது. ஏழாவதின் உடைந்த ஓட்டில் என் கோடு மட்டும்.

தலை பளபளக்க நான் வந்து நின்றேன். அன்செல்மோ கேட்டார்: "கிராசிந்தா, மதியம் தள்ளும்போது ஏழாவது எப்படி இருந்துச்சு?"

"இறுகித்தான் இருந்துச்சு," என்றேன். "என்னால முழுசாத் தள்ள முடியல."

அந்த இரண்டு வாக்கியம் போதுமாக இருந்தது. காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று ஊரார் முன்னால் கத்தி, அன்றைக்கே பெலார்மினோவை வெளியே அனுப்பிவிட்டார். அவரும் மனைவி எர்மீனியாவும் எவோராவில் மகள் வீட்டுக்குக் குடிபோனார்கள். மறுநாள் கல்யாணத்தில் எல்லாரும் என் முடியைப் பாராட்டினார்கள்.

ஒஃபேலியாவுக்குக் கதீட்ரலைக் காட்டினேன். எலும்புத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனேன். சுவர் முழுக்க மண்டையோடுகளைப் பார்த்துவிட்டு, "இத்தனையையும் உக்காந்து அடுக்கினவனுக்கு வீட்ல பொண்டாட்டி இல்லையா? ஏதாவது வேலை குடுத்திருப்பாளே!" என்றாள். நானும் சிரித்தேன். சதுக்கத்துக்குப் போகாமலே பஸ் நிலையத்துக்கு நழுவிவிடலாம் என்று சந்து சந்தாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஆனால் கஷ்கொட்டை வாசனைக்குச் சந்து ஒரு தடையா?

"நாளைக்கு புனித மார்ட்டின் திருநாள். கஷ்கொட்டை திங்காம ஊருக்குப் போனா என் வீட்டுக்காரர் சிரிப்பாரு," என்று வாசனையைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள்.

நீரூற்றுக்குப் பக்கத்தில் வண்டி. புகைக்கு நடுவில் அவர். இளைத்திருந்தார்.

"அட, கிராசிந்தா! ஊர்ல என்னை எல்லாரும் மறந்துட்டாங்கன்னு நினைச்சேன். மறக்கறது என் வேலை, அதை நீங்க எடுத்துக்காதீங்க!"

"எப்படி இருக்கீங்கண்ணே?" என் குரல் எனக்கே கேட்கவில்லை. "இது தூலியோவோட மாமியார்."

"என் ஞானப்பிள்ளையோட மாமியாரா? அப்ப ஒரு டஜன் என் சார்புல." காகிதக் கூம்பைச் சுருட்டி, கஷ்கொட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டார். பன்னிரண்டு வந்ததும் நிறுத்தினார். நெற்றியைச் சுருக்கினார். "இருங்க." கூம்பைத் தட்டில் கவிழ்த்து மறுபடி எண்ணினார். மறுபடி பன்னிரண்டு. மூன்றாவது தடவையும் கவிழ்த்தார்.

"சரியாத்தாங்க இருக்கு," என்றாள் ஒஃபேலியா.

"நீங்க சொன்னா சரிம்மா. நான் சொன்னாத்தான் நம்பறதுக்கில்ல."

அவள் கூம்போடு நீரூற்றுப் படியில் போய் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். நான் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

"ஏண்ணே மூணு தடவ?"

"டாக்டர்கிட்ட போனேன். கடிகாரம் வரையச் சொன்னாரு, வரைஞ்சேன். மிருகம் பேரெல்லாம் கேட்டாரு, கழுதையில ஆரம்பிச்சு அன்செல்மோ வரைக்கும் சொன்னேன்." சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "பெருசா ஒண்ணும் இல்ல, வயசுக்கேத்த மறதின்னாரு. எர்மீனியா காதுல கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்துச்சு. கேஸ் அடுப்பைத் தொட விடமாட்டா. வீட்டுச் சாவி மகள்கிட்ட. பேத்தியை ஸ்கூல்ல விடப் போறேன்னா, வேண்டாங்கறாங்க."

கரியைக் கிளறினார்.

"எனக்கு அன்னைக்குக் காலைல பன்னெண்டும் தள்ளினதா நல்லா ஞாபகம், கிராசிந்தா. ஏழாவதுல துடுப்பு மாட்டிக்கிச்சு, திட்டிக்கிட்டே இழுத்தேன். தோள் வலி கூட ஞாபகம் இருக்கு. ஆனா கோடு இல்லையே. கோடு பொய் சொல்லுமா?"

அவர் ஒரு கைப்பிடி கஷ்கொட்டையைச் சட்டியில் கொட்டினார்.

"அன்செல்மோ ஆயிரம் சொல்லட்டும், அவன் வாய் அப்படி. நான் நம்பியிருக்க மாட்டேன். நீ சொன்னியே, இறுகிக் கிடந்துச்சுன்னு. உனக்குப் பொய் சொல்ல என்ன இருக்கு? அப்பத்தான் பயந்துபோய் டாக்டரைப் பாத்தேன்."

வேலை போனதற்காகத்தான் இரண்டு மாதமாகத் தூக்கம் கெட்டுக்கிடந்தேன். அது அவரிடமிருந்து போனவற்றில் சின்னது என்று அப்போதுதான் தெரிந்தது. நல்ல புத்தியோடு இருந்த மனிதரை, தன் கையையே நம்பாதவராக ஆக்கியிருக்கிறேன்.

"அண்ணே, நான் தள்ளல."

"எதை?"

"மதியம். ஒரு தாழியையும் தள்ளல. கோடு மட்டும் போட்டுட்டு பஸ் ஏறிட்டேன். முடிக்கு வண்ணம் போட வந்தேன். ஏழாவது இறுகியிருந்துச்சான்னு எனக்குத் தெரியாது. நான் ஏணியிலயே ஏறல."

அவர் என் தலையைப் பார்த்தார். சட்டியில் ஒரு கஷ்கொட்டை கருகி வெடித்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப நான் தள்ளினேன்."

"தள்ளினீங்கண்ணே."

"பன்னெண்டும்."

"பன்னெண்டும்."

கையிலிருந்த கரண்டியை வண்டிமேல் அடித்தார். பக்கத்துக் காபிக்கடை மேஜையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டு மாசம்டி! பாத்ரூம் போனா என் பொண்டாட்டி கதவு வெளிய நிக்கிறா, குழாயை மூடினேனான்னு பாக்க! ஒரு வார்த்தை சொல்ல உனக்கு ரெண்டு மாசமா?"

நின்றேன். நீரூற்றுப் படியில் ஒஃபேலியா உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

அவர் என் பக்கம் கையை நீட்டினார். "போனை எடு. அன்செல்மோவைக் கூப்பிடு. இல்ல, முதல்ல எர்மீனியா. அவ பெரிய கோர்ட்டு."

எர்மீனியா போனை எடுத்தாள். சொன்னேன். "அவர்கிட்ட குடு," என்றாள். அவர் போனைக் காதில் வைத்து, "ம்... ம்... அழாதே, அடுப்புல என்ன வச்சிருக்க, கருகிடப் போகுது," என்றார்.

அடுத்து அன்செல்மோ. அவரிடமும் சொன்னேன். எர்மீனியாவுக்குப் பிறகு அது சுலபமாகத்தான் இருந்தது. அவர் கத்தினார். கத்தி முடித்துவிட்டுச் சொன்னார்.

"நாளைக்குத் திருநாளுக்குப் புது ஒயின் தாழி திறக்கறோம். ஊரே வரும். அவனை எல்லார் முன்னாடியும்தான் குடிகாரன்னேன். நீயும் எல்லார் முன்னாடியும் வந்து சொல்லு. சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடு. அப்புறம் இந்தப் பக்கம் வராதே."

"சரி," என்றேன்.

"அவனைக் குடு."

போனை நீட்டினேன். பெலார்மினோ வாங்கவில்லை. "வாடிக்கையாளர் நிக்கிறாங்க. நாளைக்கு நேர்ல வந்து கூப்பிடச் சொல்லு," என்றார். அன்செல்மோவுக்கு அது கேட்டிருக்கும். அவரே வைத்துவிட்டார்.

உண்மையிலேயே ஒரு பெண் வந்து நின்றிருந்தாள். இரண்டு டஜன் கேட்டாள். அவர் கூம்பைச் சுருட்டி எண்ணிப் போட்டார். இருபத்துநான்கு. மடித்துக் கொடுத்துவிட்டார். கவிழ்க்கவில்லை.

அவர் ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அவர் அடுத்த கஷ்கொட்டையைக் கத்தியால் கீறிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

ஒஃபேலியா என் பக்கத்தில் வந்து நின்றாள். பாதிக்கு மேல் கேட்டிருந்தாள் என்று முகத்தில் தெரிந்தது. என்னவெல்லாமோ கேட்பாள், கல்யாணத்தையே நிறுத்துவாள் என்று நினைத்தேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு மீதிக் கூம்பை என் மடியில் வைத்தாள்.

"நாளைக்கு நானும் வரேன். தனியா நின்னு சொல்றது கஷ்டம்."

கஷ்கொட்டை ஒன்றைக்கூட உரிக்க முடியவில்லை. கூம்பு வீடு வரைக்கும் என் மடியிலேயே ஆறிப்போனது.