ரஞ்சிதாவின் அறுபத்துமூன்று

ரஞ்சிதாவின் கணவன் உதயசூரியனுக்குச் சோறு இறங்க வேண்டுமென்றால் போனில் ஏதாவது ஒரு கார் பறக்க வேண்டும். சத்தத்தையே முந்திய ஜெட் கார் வரை, தரையில் நடந்த வேக சாதனை அத்தனையும் மனப்பாடம். காய்கறி வாங்கிவரச் சொன்னால் மட்டும் பாதி மறந்துவிடும்.

அந்த மகராசனுக்கு அவளுடைய பேட்டரி ஸ்கூட்டரைக் கண்டாலே இளக்காரம். தையல் மிஷின் என்பான். அதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டுப் பெரிய பைக் எடுக்கத் துடித்தான். பைக் அவனோடு புதுக்கோட்டைக்கு வேலைக்குப் போய்விடும். அவள் குன்றாண்டார்கோவில் ஆபீசுக்கு மறுபடி பஸ்ஸுக்குக் கால்கடுக்க நிற்க வேண்டும்.

"மொதமொத பதிவான சாதனை என்ன வேகங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஆயிரத்து எண்ணூத்துத் தொண்ணூத்தெட்டு, பிரான்ஸ். அறுபத்துமூணு கிலோமீட்டர்."

"என்ன வண்டி?"

சோற்றைப் பிசைந்தபடி முனகினான். "கரண்டு வண்டி."

"என் தையல் மிஷின் அதைத் தாண்டிட்டா, மாத்துறேன்னு வாயத் தொறக்கக் கூடாது."

"சரி. ஆனா காத்து ஏமாத்தும், அதனால இப்ப ரூல் இருக்கு. போக ஒருதரம், வர ஒருதரம், ஒரு மணி நேரத்துக்குள்ள. ரெண்டுக்கும் சராசரி."

ஞாயிற்றுக்கிழமை காலை, கண்மாய்க்கரையை ஒட்டிய நேர் சாலை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ரஞ்சிதா முறுக்கினாள். மறுமுனையில் நின்ற உதயசூரியன் வேகம் காட்டும் போனை வாங்கிப் பார்த்தான். அறுபத்தாறு! முகம் சுருங்கிப்போனது. மோட்டார் ஆறட்டும் என்று டீக்கடைக்குக் கூட்டிப்போனான்.

திரும்பி வந்தால், சாலை நிறைய அறுத்துப் போட்ட உளுந்துச் செடி. பக்கத்தில் செடியைக் கிளறும் கவைக்கம்பும் துடைப்பமுமாக அவளுடைய சித்தி உண்ணாமலை.

"என்ன சித்தி இது?"

"வண்டி ஏறுனாத்தானே தாயி உளுந்து உதிரும்? நீ ஓடுற ஓட்டத்தப் பாத்துத்தான் விரிச்சேன். இன்னும் நாலுதரம் போயிட்டு வா."

ரஞ்சிதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதன்மேல் வேகமாகப் போனால் சறுக்கிவிடும். சித்தியோ பஸ் வந்து செடிமேல் ஏறுகிறவரை அள்ள முடியாது என்றுவிட்டாள். அதற்குள் ஒரு மணி நேரம் தாண்டிவிடும். நாளையிலிருந்து பஸ்ஸ்டாப்தான்.

கணவன் சிரித்துக்கொண்டிருப்பான் என்று திரும்பினாள். ஆள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உளுந்தை ஓரமாக வாரிக்கொண்டிருந்தான்.

"அட மாப்ள, எம் பொழப்புல மண்ணப் போடாதீங்க!"

"பஸ் வர்றதுக்குள்ள நானே விரிச்சுத் தாரேன் அத்தை! உலகத்துல எங்கயாச்சும் உளுந்தால ரெக்கார்டு நின்னுருக்கா? ஏய் ரஞ்சி, அங்கிட்டு என்ன வேடிக்கை? தொடப்பத்த எடு, நேரமாவுது!"

கூட்டித் தள்ளினார்கள். எதிர்காற்றில் குனிந்து பறந்துவிட்டு, மெதுவாகத் திரும்பி வந்து போனை நீட்டினாள். அறுபத்திரண்டு.

"சராசரி அறுபத்துநாலு! ஜெயிச்சாச்சு!" உதயசூரியன் சாலையில் குதித்தான். உண்ணாமலை தலையிலடித்துக்கொண்டாள்.

"அப்ப எக்ஸ்சேஞ்சுக்கு எப்பங்க போறோம்?" என்றாள் ரஞ்சிதா.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்தான்.

"ரெக்கார்டு வண்டிய எந்தக் கிறுக்கனாச்சும் மாத்துவானா?" என்றவன், கவைக்கம்பை வாங்கிக்கொண்டு உளுந்தை விரிக்கப் போனான்.