வெள்ளைக் கோட்டில் நின்ற மாடுகள்

ஹம்போல்ட் ஆறு கடலைக் கண்டதில்லை. நெவாடாவின் மொட்டை மலைகளுக்கு நடுவே கிடைத்த சந்தில் எல்லாம் நுழைந்து ஓடி, கடைசியில் உப்பு மண்ணில் உயிரை விட்டுவிடும். ஆனாலும் மேற்கே போக வழி கண்டுபிடித்தது அதுதான். அந்த வழியிலேயே வண்டிகள் வந்தன, ரயில் வந்தது, பிறகு எண்பதாம் எண் நெடுஞ்சாலை வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. விருந்தாளி வந்து வீட்டுக்காரனைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டான் என்று, ஆற்றங்கரையில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் லோரியா அடிக்கடி திட்டுவாள்.

அந்த வசந்தத்தில் மலைப்பனி ஒரேயடியாக உருகியது. ஆற்றுக்கும் சாலை மேட்டுக்கும் நடுவில் இருந்த புல்வெளியில் அவளுடைய மாடுகள், பிறந்து சில வாரமே ஆன கன்றுகளோடு மாட்டிக்கொண்டன. வழக்கமாக அவை சாலைக்கு அடியில் உள்ள கான்கிரீட் குகை வழியாக மறுபக்க மேட்டுக்குப் போகும். இப்போது அதில் கூரை வரை தண்ணீர்.

"கை மீறிப் போச்சுக்கா," என்றான் தம்பி பெயோ. "நாமளாவது கரையேறுவோம்."

"கன்னுக்குட்டிங்கள இங்க விட்டுட்டு எங்கடா கரையேறுறது? வேலியை வெட்டு. ரோட்டு மேலயே ஓட்டுவோம்."

சாலை மேட்டில் நின்ற ரோந்துக் காவலன் கோல்பிக்கு இதைக் கேட்டதும் முகம் வெளுத்தது.

"வெளையாடுறீங்களா லோரியாக்கா? லாரிங்க பறக்குற ரோடு இது. உங்க வீட்டு வாசல் இல்ல."

"எங்க வாசல்தான்டா. எங்க புல்வெளிய ரெண்டா பொளந்துதானே ரோடு போட்டாங்க? தண்ணி எங்க நிக்குதுன்னு பாரு."

"மேல கேக்கணும்."

"நல்லா கேளு. நீ கேட்டு முடிக்கறதுக்குள்ள மாடு மேல வந்துரும். அதுக்குள்ள லாரிய நிறுத்துறது உன் பாடு."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு வயர்லெஸ்ஸை எடுத்தான். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் லாரிகள் வரிசைகட்டி நின்றன.

லோரியா குதிரையில் ஏறி மந்தையை மேட்டுக்கு விரட்டினாள். முன்னால் போன சிவப்புப் பசு சாலையோரம் வந்ததும் நின்றுவிட்டது. கத்தினாலும் சாட்டையைச் சொடுக்கினாலும் அசையவில்லை. பின்னால் வந்தவையும் முட்டிமோதி நின்றன. பசு தலையைத் தாழ்த்தி, சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டையே முறைத்துக்கொண்டிருந்தது.

லோரியாவுக்குக் காரணம் உடனே புரிந்தது. பண்ணை வாசலில் மாடு தாண்டாமல் இருக்கக் குழி வெட்டி, அதன் மேல் இடைவெளி விட்டு இரும்புக் கம்பிகள் பதிப்பார்கள்; கால் சிக்கிக்கொள்ளும் என்று மாடு பயந்து நின்றுவிடும். அவளுடைய அப்பா கம்பிக்குச் செலவழிக்க மனமில்லாமல் வாசல் தார் ரோட்டில் கம்பி மாதிரியே வெள்ளைக் கோடுகளை வரைந்துவிட்டார். மாடுகளும் அதைக் கம்பி என்று நம்பி, இத்தனை வருஷமாகத் தாண்டாமல் இருந்தன.

"அக்கா, நாமதான் இதுங்களுக்கு இதைப் பழக்கிவிட்டோம்," என்றான் பெயோ, அழாக்குறையாக.

"பேசிட்டு நிக்காத. வைக்கோலை எடு!"

சாலையோரம் நிறுத்தியிருந்த தங்கள் பண்ணை வண்டியிலிருந்து வைக்கோலை அள்ளிக் கோட்டின் மேல் கொட்டினார்கள். கோடு மறைந்ததும் சிவப்புப் பசு காலை எடுத்து வைத்தது. நடுவில் இருந்த மஞ்சள் கோடுகளையும் அப்படியே மூடினார்கள். மறுபக்க வெள்ளைக் கோட்டுக்கு வரும்போது வைக்கோல் தீர்ந்துவிட்டது. லோரியா தன் மேலங்கியைக் கழற்றிக் கோட்டின் மேல் வீசினாள், பெயோவும் வீசினான். அது எந்த மூலைக்குப் போதும்? கோல்பி ஒரு நொடி தயங்கினான். பிறகு அவனும் சீருடை மேலங்கியைக் கழற்றிப் போட்டான். பசுக்கள் அப்போதும் நம்பவில்லை. லாரிக்காரன் ஒருவன் பொறுமையிழந்து ஹாரன் அடித்தான்.

அந்தச் சத்தத்தில் ஒரு கன்று துள்ளியது. துணி எதுவும் மூடாத வெறும் வெள்ளைக் கோட்டை மிதித்துத் தாண்டி, மறுபக்கம் போய் நின்றது. கோட்டுக்குப் பயப்பட அதற்கு இன்னும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. இன்னொரு கன்று தாண்டியது. பிறகு கூட்டமாக எல்லாமே தாண்டின. தாய்ப்பசுக்கள் கதறின. சிவப்புப் பசு கோட்டை முகர்ந்து பார்த்து நடுங்கியது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டது போல ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. மற்றவை அதன் பின்னால் போயின.

கடைசி மாடும் மேடேறியபோது புல்வெளி இருந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. லோரியா குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, லாரிக்காரர்கள் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் வாய்விட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பெயோ, வீட்டுக்குப் போனதும் வாசல்ல இருக்குற பெயின்டைச் சுரண்டு."

"மாடெல்லாம் ரோட்டுக்கு வந்துருமேக்கா!"

"இரும்புக் கதவு போடுவோம். இந்தக் கன்னுங்க கோட்டுக்குப் பயந்து வளரக் கூடாதுடா. ஆறு மறுபடியும் வரும்."