துளை உண்டென்றவளும் இல்லையென்றவனும்

மும்பையில் மாதுங்காவுக்கும் முலுண்டுக்கும் இடையே, தண்டவாளப் பராமரிப்புக்காக ரயிலை நிறுத்தும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக். ரயிலும் ஓடாமல், மழையில் டாக்சியும் அகப்படாமல் மாப்பிள்ளையின் பெற்றோர் முலுண்டிலேயே சிறைப்பட்டனர். ஆகவே, செம்பூரில் நிகழ்ந்த பெண் பார்க்கும் வைபவத்தில் மாப்பிள்ளை தரப்பின் சுற்றமும் நட்பும் பெரியோரும் ஆகிய அனைத்துமாக வந்து சோபாவில் வீற்றிருந்தவன் மாரீஸ்வரன் ஒருவனே. தாராவியில் தோல் பெல்ட் செய்யும் பட்டறை அவனுடையது. மாப்பிள்ளையாகிய பத்ரி மாதுங்காவாசி. கல்லூரியில் தத்துவம் கற்பிப்பவன். பள்ளியில் ஒரே பெஞ்சில் அமர்ந்த பாவத்துக்காக இருவரும் முப்பது வயது வரை ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டிருந்தனர்.

பெண்ணின் தாய் பாகீரதி வடைத் தட்டுடன் வந்தாள். பின்னால், கிண்ணத்தில் சட்னியுடன் விஜயலட்சுமி வந்தாள். மங்கையர் இடைக்கு மின்னலை உவமை சொன்ன பழம்புலவர்கள், மின்னோட்டத்தையே தொழிலாகக் கொண்ட மங்கைக்கு எதனைத் தேடியிருப்பார்களோ! சிலிக்கான் படிகங்களில் மின்சாரம் பாயும் வகையை ஆராய்பவள் அவள். பத்ரி நிமிர்ந்து பார்த்தான். பார்த்த அளவில் அவன் கற்ற கல்வி முழுவதும் எழுந்து நின்று அவளுக்கு இடம் விட்டது.

“நீங்க என்ன ஆராய்ச்சி பண்றேள்?” என்று பாகீரதி பேச்சைத் தொடங்கி வைத்தாள்.

“விஞ்ஞானம் சொல்ற கண்ணுக்குத் தெரியாத வஸ்து எல்லாம் நிஜமாவே இருக்கா, இல்லை கணக்கு சரியா வரதுக்காக நாம வெச்சிண்ட பேரான்னு பாக்கறேன், மாமி.”

“என்ன முடிவுக்கு வந்திருக்கேள்?” என்று கேட்டவள் மகள்.

அவள் குரல் தன்னை நோக்கி வந்த களிப்பில் பத்ரி மதியிழந்தான். தட்டிலிருந்து வடை ஒன்றை எடுத்து, சுதர்சனச் சக்கரம்போல் விரலில் ஏந்தினான்.

“பேர்தான். இந்த வடையையே எடுத்துக்கோங்கோ. உளுந்து இருக்கு, மிளகு இருக்கு. நடுவில துளைன்னு சொல்றோமே, அது இருக்கா? வடையைச் சாப்பிட்டா துளை எங்க போகும்? அதுவும் வயத்துக்குள்ள போகுமா?”

மாரீஸ்வரன் தொடையைத் தட்டிச் சிரித்தான். “ஏலே, அப்ப நான் பெல்ட்டுல போடுதது எல்லாம் என்னலே?”

“நீ தோலை எடுக்கறே. துளையைப் போடலை.”

விஜயலட்சுமி சட்னிக் கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள். வைத்த ஓசை சிறிது பெரிதாகவே கேட்டது.

“நீங்க லோக்கல் ரயில்ல போறவர்தானே?” என்றாள். “ஜன்னல் சீட்டுக்காரர் எழுந்து இறங்கறார். பக்கத்துல இருக்கறவர் ஜன்னலுக்கு நகர்றார். அவர் இடத்துக்கு அடுத்தவர். கடைசியில, மூணு பேர் சீட்டுல நாலாவதா ஒட்டிண்டு பாதி உடம்பு தொங்கிண்டிருந்தவர் உள்ள வரார். ஆட்கள் ஜன்னல் பக்கம் நகர்ந்தா. காலியிடம் நடைபாதைப் பக்கம் நகர்ந்தது. சரியா?”

“சரி.”

“சிலிக்கான்ல ஒரு எலக்ட்ரான் விட்டுட்டுப் போன இடம் இப்படித்தான் ஓடறது. அதுக்குப் பேர் துளை. அதுக்கு வேகம் உண்டு, மின்னேற்றம் உண்டு, நிறைகூட உண்டு. உங்க சட்டைப்பையில இருக்கற மொபைல் அதாலதான் உயிரோட இருக்கு. நான் ஏழெட்டு வருஷமா அந்தத் துளையைத்தான் ஆராய்ச்சி பண்றேன்.”

இங்கே ஒரு சொல் இறங்கி வந்திருந்தால் போதும், பத்ரி கரையேறியிருப்பான். ஆனால் மெய்யை விற்று மனை கொள்ளும் கலை அவனுக்கு வாய்க்கவில்லை.

“ஆட்கள் நகர்ந்தா, ஒத்துக்கறேன்,” என்றான். “காலியிடம் நகர்ந்ததுங்கறது... சொல் அலங்காரம்.”

பாகீரதி கண்ணை மூடிக்கொண்டாள். மாரீஸ்வரன், தன் நண்பன் கையிலிருந்த வடையை வாங்கித் தின்று சான்றுப் பொருளை ஒழித்துவிட முயன்றான், பயனில்லை.

“இல்லாத ஒண்ணை ஆராயற பொண்ணை நீங்க எதுக்குக் கல்யாணம் பண்ணிக்கணும்?” என்றாள் விஜயலட்சுமி. கோபம் போலத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது இதழோரம் சிரிப்பு வந்துவிட்டது. “அடுத்த ஞாயிறு வரைக்கும் யோசிங்கோ. துளை இருக்குன்னு மனசாரச் சொல்ல முடிஞ்சா வாங்கோ. எனக்காகப் பொய் சொன்னேள்னா எனக்குத் தெரிஞ்சுடும்.”

அந்தச் சிரிப்பே பத்ரியை முற்றாக அழித்தது.

பிரிவுற்ற தலைவியின் தோள் மெலிந்து வளை கழலும் என்பர் முன்னோர். தலைவன் மெலிந்தால் கழல்வது யாது என்பதற்கு அவர்கள் இலக்கணம் வகுக்கவில்லை. மாதுங்காவில் அது வெளிப்பட்டது. வாரத்தின் நடுவிலேயே பத்ரியின் பேன்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. அவன் தாராவிக்குச் சென்று, மாரீஸ்வரனின் பட்டறையில் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இடுப்பை இரு கையாலும் பற்றியபடி நின்றான்.

“இன்னொரு துளை போடுடா.”

“எது? இல்லாத சாமானா?” மாரீஸ்வரன் உளியைக் கையில் எடுத்து, வேண்டுமென்றே கீழே வைத்தான். “இல்லாததை நான் எப்பிடிலே போட? இருக்குன்னு சொல்லு, போடுதேன்.”

“விளையாடாதே. விழுந்துடும்.”

“விழட்டும். விழுததாவது நிசமா இருக்கும்லா.” பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பின்பு ஒரே அடியில் துளையிட்டு பெல்ட்டை நீட்டினான். “எலே, நான் சொல்லுதத கேளு. அந்தப் பிள்ளைகிட்டப் போயி ‘இருக்கு’ன்னு ஒத்தச் சொல்லு சொல்லு. தாலியக் கெட்டின பொறவு இல்லைன்னு மாத்திக்கோ. பம்பாயில எல்லாவனும் அப்பிடித்தான். சல்தா ஹை, எல்லாம் நடக்கும்லே.”

“அவ கண்டுபிடிச்சுடுவா.”

“கண்டுபிடிக்கலைன்னா?”

“நான் கண்டுபிடிச்சுடுவேனே.”

மாரீஸ்வரன் பெல்ட்டை அவன் கையில் திணித்தான். “ஒனக்குப் பொண்ணு கொடுக்கப் போறவங்கள நெனச்சாத்தான்லே பாவமா இருக்கு,” என்றான்.

அன்று மாலை பத்ரி மாதுங்காக் கோயிலில் நின்றான். மகப்பேறு வேண்டுவோரும் வேலை வேண்டுவோரும் விசா வேண்டுவோரும் நெருங்கி நின்ற அந்தச் சந்நிதியில், துளை ஒன்று உண்டாயிருக்க வேண்டும் என்று உருகி நின்றவன் அவன் ஒருவனே. தீபாராதனை ஒளியில் திடீரென்று தில்லை நினைவுக்கு வந்தது. அங்கே திரையை விலக்கி, பொன் வில்வமாலை தொங்கும் வெற்றுவெளியைக் காட்டி, இதுவே இறைவன் என்கிறார்கள். கோடி பேர் கண்ணீர் மல்கத் தொழுத வெளி அது. ஆகா, விடை கிடைத்தது என்று அவன் நெஞ்சு துள்ளியது. துள்ளிய வேகத்திலேயே அறிவு அதன் காதைப் பிடித்தது. அந்த வெளி எல்லாவற்றையும் தாங்குவது. சிலிக்கான் துளையோ ஒரு சிறு எலக்ட்ரான் எழுந்து போன நாற்காலி. பக்தியைக் கொண்டு இயற்பியல் கடனை அடைப்பது இரண்டுக்கும் செய்யும் துரோகம். பத்ரி திருநீற்றைப் பூசிக்கொண்டு, விடையின்றி வீடு திரும்பினான்.

ஞாயிறு வந்தது. இன்னும் அவனால் ‘இருக்கு’ என்று சொல்ல இயலவில்லை. எனினும் போனான். இல்லையென்பதை நேரில் சொல்வதே முறை என்று தனக்குத்தானே காரணம் கற்பித்துக்கொண்டான். அவள் முகத்தை ஒருமுறை காணலாம் என்ற காரணம் அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தது.

செம்பூரில் கதவைத் திறந்தவள் பாகீரதி.

“விஜி ஆத்துல இல்லையே,” என்றாள்.

பத்ரி அவள் தோளுக்கு அப்பால் கூடத்தைப் பார்த்தான். சோபா இருந்தது. மின்விசிறி சுழன்றது. சுவரில் காலண்டர் ஆடியது. இவை அனைத்தும் மங்கலாக இருந்தன. தெளிவாக, கூர்மையாக, கூடம் நிறைய ஒளிர்ந்து நின்றது ஒன்றே: அவள் அங்கு இல்லை என்பது. அதனை அவன் ஊகித்தறியவில்லை, கண்ணால் கண்டான். ‘நிலத்தில் குடம் இல்லை’ என்று பழந்தருக்க நூலார் சொன்ன எடுத்துக்காட்டை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி, இன்மையையும் பொருள்களுள் ஒன்றாக எண்ணிய அப்பெரியோரை எள்ளி நகையாடியவன் அவன். இன்று குடமில்லா நிலத்தின்மீது தானே நின்றான்.

“இருக்கு!” என்று கூவினான்.

பாகீரதி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். “எது இருக்கு?”

“அவ இல்லாதது, மாமி! இதோ, இங்கதான் இருக்கு! வாசல்லேர்ந்தே தெரியறது!”

“நன்னா இருக்கு போங்கோ,” என்றாள் பாகீரதி. “வெயில்ல வந்தேளா? மோர் தரட்டுமா?”

“மோர் வேண்டாம் மாமி. விஜி எங்க?”

“உங்காத்துக்குத்தான் போயிருக்கா. காலம்பற எழுந்து, தலையைக்கூடச் சரியா வாரிக்காம, அவர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு மாதுங்காவுக்கு ஓடினா. ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்லை.” சொல்லிக்கொண்டே மகளை மொபைலில் அழைத்தாள். “விஜி, அவர் இங்க இருக்கார். என்னது? அங்க இல்லையா? அதான் சொல்றேனே, இங்க இருக்கறவர் அங்க எப்படிடீ இருப்பார்?”

மாதுங்காவையும் செம்பூரையும் இணைக்கும் பாதைகள் குர்லாவில் கூடுகின்றன. அங்கேயே சந்திப்பது என்று முடிவாயிற்று. பத்ரி ஆட்டோ பிடித்தான். ஓட்டுநர் காரணம் கேட்காமலேயே பறந்தார். பின்னிருக்கையில் ஒருவன் ஓயாது தானே சிரித்துக்கொண்டிருந்தால் எவரும் விரைந்து இறக்கிவிடவே விழைவர்.

குர்லா நடைமேம்பாலம் கடல்போல் பெருகிக்கொண்டிருந்தது. எதிர்ப்படியில் ஏறி வந்தாள் விஜயலட்சுமி. கூட்டம் இருவரையும் இரு திசையிலிருந்தும் தள்ளி, நடுப்பாலத்தில் மூக்கோடு மூக்கு மோதும் அளவில் கொண்டுவந்து நிறுத்தியது.

“நீங்க சொன்னதுதான் சரி! துளை இல்லை!” என்றாள் அவள்.

“நீங்க சொன்னதுதான் சரி! துளை இருக்கு!” என்றான் அவன்.

இருவரும் ஒரே மூச்சில் சொன்னதால் எதுவும் விளங்கவில்லை. மறுபடி சொன்னார்கள். இப்போது விளங்கியது.

“எப்படி இல்லைங்கறேள்?” என்று பத்ரி பதறினான். “ஏழெட்டு வருஷ ஆராய்ச்சி!”

“துளைங்கற வார்த்தையே இல்லாம, எலக்ட்ரான்களை மட்டும் வெச்சு என் கணக்கைத் திருப்பி எழுதிப் பாத்தேன். அனுமார் வால் மாதிரி நீண்டுது. ஆனா விடை அதேதான் வந்தது. அப்போ துளை எனக்குச் சௌகரியம், அவ்வளவுதான். உலகத்துல அது தனியா ஒரு சாமான் இல்லை.”

“சௌகரியம் எங்கேர்ந்து வந்தது? உலகம் அப்படி இல்லைன்னா இத்தனை சின்னக் கணக்கு இத்தனை சரியா எப்படி வரும்?”

“அதை நான் சொல்லணும். நீங்க சொல்லப்படாது!”

“விஜி, இன்னிக்கு உங்காத்துக் கூடத்துல நீங்க இல்லாததைப் பாத்தேன். ஒரு கூரியர்காரர் வந்தா அதே சோபா, அதே ஃபேனைத்தான் பாப்பார். அவருக்கு ஒண்ணும் ஆகாது. நான் வாய்விட்டுக் கத்திட்டேன். என்னைக் கத்த வெச்சது எது? சோபாவா?”

“உங்க மனசு. கூடத்துல ஒண்ணும் இல்லை. நான் மாதுங்காவுல இருந்தேன். அதுதான் நடந்த சங்கதி. நான் செம்பூர்ல இல்லாததுங்கறது சொல் அலங்காரம்.”

“அரே பாய், ஜகடா கர் பே கரோ!” என்று மூட்டை சுமந்த ஒருவர், வீட்டில் போய்ச் சண்டை போடுங்கள் என்னும் பொருள்பட இரைந்துவிட்டுப் போனார். இருவரும் கம்பியோரம் ஒதுங்கினர். கீழே ரயில் ஒன்று முழங்கிச் சென்றது. அது ஓய்ந்தபோது பத்ரிக்குச் சட்டென்று அச்சம் பிறந்தது.

“துளை இருக்குன்னு மனசாரச் சொன்னா வரலாம்னேள். மனசாரத்தான் சொல்றேன்.”

“தெரியறது. மூஞ்சியிலயே எழுதியிருக்கு.”

“ஆனா நிபந்தனை போட்டவளே இப்போ அது இல்லைங்கறாளே. அப்போ... நான் ஜெயிச்சேனா, தோத்தேனா?”

விஜயலட்சுமி காற்றில் கலைந்த கூந்தலைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள். பேருந்தும் ரயிலும் விற்பவர் குரலும் கலந்து கொந்தளித்த அந்த இடத்தில், பத்ரியின் உயிர் அவள் இதழருகே வரிசையில் நின்றது.

“வேண்டாம்னு சொல்லத்தான் வார்த்தையைத் தேடினேன், மாதுங்கா வரைக்கும்,” என்றாள். “கிடைக்கலை. நீங்க தப்பாப் பேசறச்சே கேக்க நன்னா இருக்கு.”

“எப்போ தப்பாப் பேசினேன்? போன வாரமா, இப்பவா?”

“ரெண்டு தடவையும்.”

பத்ரி சிரித்தான். அவளும் சிரித்தாள். அச்சிரிப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவி, கம்பியைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் விழுந்துவிடும் அளவுக்குப் பெருகியது. கடந்து சென்றவர்களில் சிலர் காரணம் அறியாமலேயே உடன் சிரித்தனர்.

அப்போது அவள் கையிலிருந்த மொபைலில் பாகீரதியின் குரல் ஒலித்தது. அழைப்பு துண்டிக்கப்படாமலேயே இருந்திருக்கிறது. “குர்லா முழுக்க என் காதுல இரையறது. வடை, துளை எல்லாம் அப்புறம். தையில முகூர்த்தம் பாக்கட்டுமா? சம்மதம் இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கோ!”

“இருக்கு!” என்றனர் இருவரும்.

மறுமுனையில் பாகீரதி யாரையோ கூவி அழைத்துச் சர்க்கரை எடுத்துவரச் சொன்னாள். பத்ரியின் புருவம் மெல்லச் சுருங்கியது.

“விஜி, இந்த முகூர்த்தம்ங்கறது நிஜமாவே காலத்துல இருக்கற ஒண்ணா, இல்லை நாம வெச்சிண்ட—”

“வாயை மூடிண்டு வாங்கோ, வண்டி வந்துடுத்து,” என்று அவன் கையைப் பற்றிப் படிகளில் இழுத்துக்கொண்டு ஓடினாள் விஜயலட்சுமி. “நாம வெச்சிண்டதுதான்.”

“இருக்குன்னுதான் எனக்குத் தோணறது!” என்று கத்திக்கொண்டே அவனும் ஓடினான்.