டீசல் மூடியில் குங்குமம்

ஜெர்மனியில், ஹனோவருக்கு வெளியே தக்சாயினியின் சமையல் வானைச் சுங்க அதிகாரி மறித்தார். வீடு சூடாக்க விற்கும் மலிவான சிவப்பு எண்ணெயைச் சிலர் களவாக வாகனத்துக்கு ஊற்றுவதுண்டு. டீசல் மூடியைத் திறந்த அதிகாரியின் விரல்கள் சிவந்தன, முகம் இறுகியது.

தக்சாயினிக்குப் பக்கத்தில் இருந்த கணவன் பகீரதன்மேல் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று வாகன பூசையில் குங்குமத்தை அப்பியவன் அவன்தான்.

"மூடிக்கும் பொட்டு வைக்கச் சொல்லி ஆரப்பா கேட்டது?"

"எல்லாத்துக்கும் வைச்சால்தானே பூசை."

குழாயில் உறிஞ்சி எடுத்த டீசலில் சிவப்பின் சாயலே இல்லை. அதிகாரி நெற்றி வியர்வையை விரல்களால் துடைத்துக்கொண்டு, போகச் சொன்னார்.

வான் நகர்ந்ததும் தக்சாயினி பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். நெற்றியில் அகலமான பொட்டோடு அவர் அடுத்த வண்டியை மறித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுவமோ?" என்றான் பகீரதன்.

"வேண்டாம். வடிவாத்தான் இருக்கு."