கோபம் வந்தால் வரும் இங்கிலீஷ்

என் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நன்றாகத் தெரியும். கோபம் வந்தால் மட்டும் தெரியும்.

பஸ் ஓட்டுகிறவர் அவர். அவருக்கு வந்த இங்கிலீஷ் எல்லாம் ரோட்டில் வந்தது. குறுக்கே காரை விட்டவனிடம், ஓடுகிற பஸ்ஸின் கதவைத் தட்டுகிறவனிடம், தூங்கிப்போய் இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விட்டுவிட்டு அவர்மேல் பாய்கிறவனிடம். எங்கள் ஊரில் பல பாஷைக்காரர்கள் உண்டு. சண்டை என்று வந்துவிட்டால் எல்லோருக்கும் பொதுவானது இங்கிலீஷ்தான். அதனால் ‘கண்ணு தெரியலையா’, ‘கதவைத் தொடாதே’, ‘உன் வீட்டுல போய்க் கத்து’ இதெல்லாம் அவருக்கு இங்கிலீஷில் தண்ணீர்பட்ட பாடு. யாராவது சிரித்த முகத்தோடு ‘குட் மார்னிங், ஹவ் ஆர் யூ’ என்று கேட்டுவிட்டால் போதும், மனுஷர் கல்லாய்ச் சமைந்துவிடுவார். டிப்போவில் அவருக்கு ‘ஹாரன்’ என்று பெயர். ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

போன வருஷம் ஹாரனின் முதுகு மக்கர் செய்ய ஆரம்பித்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், இனி ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்றுவிட்டார். டிப்போ மேனேஜர் நல்ல மனுஷர். கன்ட்ரோல் ரூமில் ஒரு நாற்காலி காலியாகப் போகிறது, வயர்லெஸ்ஸில் எல்லா டிரைவர்களோடும் இங்கிலீஷில் பேச வேண்டும், கல்லூரியில் சாயங்கால வகுப்பு நடக்கிறது, அந்தப் பேச்சுப் பரீட்சையில் தேறிவிட்டு வாருங்கள், நாற்காலி உங்களுக்கு என்றார். தேறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதை அவர் சொல்லவில்லை, சொல்லாமலே புரிந்தது.

அன்றைக்கு இவர் வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸையும் டிப்போவையும் விட்டால் இவருக்கு வேறு உலகம் கிடையாது. சும்மா வீட்டில் உட்கார வைத்தால் வாடி வதங்கிப்போய்விடுவார். அந்த நினைப்பே எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் வாயைத் திறந்து சொன்னதெல்லாம், “காப்பி ஆறுது பாருங்க” என்பதுதான்.

நான் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறவள். படுக்கை விரிப்போடு யாரும் இங்கிலீஷ் பேசுவதில்லை. வகுப்புக்கு நான் போனது இவருக்குத் துணையாகத்தான். முதல் நாளே வாசலில் நின்றுகொண்டார்.

“எல்லாம் நம்ம பொண்ணு வயசுப் பிள்ளைங்களா இருக்குது. வா, போயிடலாம்.”

“அவ்ளோ பெரிய பஸ்ஸை சந்துல திருப்புறீங்க. இந்தக் கதவுக்குள்ள நுழைய முடியலையாக்கும்?”

நுழைந்தார். தள்ளிக்கொண்டு நானும் நுழைந்தேன். துணைக்கு வந்தவள், கூட வந்தவள் என்றெல்லாம் டீச்சர் பார்க்கவில்லை. என் தலையிலும் ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டாள்.

அந்த அறையை நீங்கள் பார்க்க வேண்டும். பலகை வைத்துத் தடுத்த சின்னச் சின்னக் கூண்டுகள். கூண்டுக்கு ஒரு ஹெட்போன், குழாய் மாதிரி வளைந்த ஒரு மைக், ஒரு திரை. நாம் பேசினால் திரையில் பச்சைக் கோடு எழும்பும், கத்தினால் சிவப்பாகும். ஹெட்போனின் கறுப்பு ஸ்பாஞ்சு பொடிந்துபோய்த் தினமும் பாதி என் கொண்டையோடு வீட்டுக்கு வரும். டீச்சர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து யார் பேசுவதை வேண்டுமானாலும் கேட்பாள். மூக்கைவிடப் பெரிய கண்ணாடி போட்ட சின்னப் பெண். உதடும் நாக்கும் எப்படிப் போகிறது என்று பார்க்க எல்லோர் கையிலும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்துவிட்டாள். கல்யாணத்தன்றுகூட நான் என் வாயை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

எனக்கு ஒரு வியாதி. எந்த இங்கிலீஷ் வார்த்தையையும் மொட்டையாக விட மனசு வராது. ‘பஸ்ஸு’, ‘ஹெல்ப்பு’, ‘லைட்டு’ என்று கடைசியில் ஒன்றை ஒட்டவைத்துவிடுவேன். “வாலை வெட்டுங்கக்கா” என்று விரலைக் கத்தரிக்கோலாக்கிக் காட்டுவாள் டீச்சர். இவருக்கு வேறு மாதிரி. வாய்க்கு நேரே துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, அது லேசாக அசைகிற அளவுக்குக் காற்றை விட்டு ‘பேப்பர்’ என்று சொல்லவேண்டும். இவர் சொன்ன ‘பேப்பரி’ல் காகிதம் பறந்து பக்கத்துக் கூண்டுக்குப் போய்விட்டது.

ஆனால் பேசச் சொன்னால் பேச்சு வராது. ‘நேற்று என்ன செய்தீர்கள்’ என்று டீச்சர் காதுக்குள் கேட்பாள். இவர் நெற்றியில் வேர்வை அரும்பும், பச்சைக் கோடு செத்த பாம்பாகக் கிடக்கும். இப்படியே வாரக்கணக்கில் போனது. ஒருநாள் பக்கத்துக் கூண்டில் இருந்த மீசைக்காரச் சமையல்காரர் எழுந்திருக்கும்போதெல்லாம் இவருடைய ஹெட்போன் வயரைக் காலால் இழுத்துக்கொண்டே இருந்தார். இவர் பொறுத்தார், பொறுத்தார், கடைசியில் திரும்பிப் பிடி பிடியென்று பிடித்துவிட்டார். எல்லாம் இங்கிலீஷில். நேற்றும் இழுத்தாய், முந்தாநாளும் இழுத்தாய், இது என்ன உன் அடுப்படியா, காலை எடுத்துத் தலையில் வைத்துக்கொள் என்று, மூச்சுவிடாமல், இலக்கணம் தப்பாமல். திரை முழுக்கச் சிவப்பு. கண்ணாடி அறைக்குள்ளிருந்து டீச்சர் ஓடி வந்தாள். திட்டப் போகிறாள் என்று நான் பயந்தால், கைதட்டுகிறாள்!

“இதான் சார்! இந்த வேகம்தான் வேணும்!”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எங்கள் வீட்டு ஆத்திரக்காரருக்கு அங்கேதான் புத்தியே இருந்தது. டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அக்கா, நீங்கதான் அவருக்கு ஜோடி. கோபம் வந்தாத்தான் அவருக்குக் கூச்சம் போகுது. கொஞ்சம் சீண்டிவிடுறீங்களா?”

கரும்பு தின்னக் கூலியா? இத்தனை வருஷம் சும்மா செய்த வேலையை இப்போது பாடமாகச் செய்யச் சொல்கிறார்கள். மறுநாளிலிருந்து ஆரம்பித்தேன். பஸ் ஓட்டுவது என்ன பெரிய வித்தையா, தலைக்கு மை தடவினால் வயசு குறைந்துவிடுமா, டீயை அப்படி உறிஞ்சினால் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்திருக்க மாட்டாரா என்று இங்கிலீஷில் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். இவர் கொதிப்பார். கொதிக்கக் கொதிக்கப் பேச்சு கொட்டும். நடுவே டீச்சர், “சார், ‘திங்க்’ல வர்ற சத்தத்துக்கு நாக்கு நுனி பல்லுக்கு நடுவுல வரணும்” என்பாள். இவர் நாக்கை நீட்டிக்கொண்டே என்னைத் திட்டுவார். மொத்த வகுப்பும் விழுந்து விழுந்து சிரிக்கும். அவ்வளவு சிரிப்பை எங்கள் வீடு பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

பேச்சு வந்ததே தவிர, காது மட்டும் வரவில்லை. ஹெட்போனில் யாரோ ஒருவர் தானாகப் பேசுவார், கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். “காதுல ஈ மொய்க்கிற மாதிரி இருக்குது” என்பார் இவர். கேட்டுக்கொண்டே இருங்கள், ஒருநாள் தானாகத் திறந்துகொள்ளும் என்றாள் டீச்சர். இவருக்கு நம்பிக்கை இல்லை. எனக்கும் இல்லைதான்.

பரீட்சை நாள் வந்தது. இருவர் இருவராகப் பேச வேண்டும், நானும் இவரும் ஜோடி. இவரைக் கிளப்பிவிட நான் ஒரு பிரம்மாஸ்திரம் வைத்திருந்தேன். இவர் பஸ்ஸில் போட்டு உட்காரும் பழைய குஷன் ஒன்று, பஞ்சு பிதுங்கிக் கந்தலாகிப் போனது. அதை நான்தான் குப்பையில் போட்டேன். டிப்போவில் எவனோ திருடிவிட்டான் என்று இன்னும் பொருமிக்கொண்டிருக்கிறார். பரீட்சை அறை வாசலில் உண்மையைச் சொல்லிவிட்டால் போதும், உள்ளே போய்ப் பொரிந்து தள்ளிவிடுவார்.

காலையில் ரயிலுக்கு நின்றோம். கூட்டமோ கூட்டம். ஸ்பீக்கர் கரகரவென்று இங்கிலீஷில் எதையோ சொன்னது. தினமும் சொல்வதுதான், யாரும் தலை நிமிரவில்லை. நானும் கவனிக்கவில்லை. இவர் மட்டும் அப்படியே நின்றார். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“வா! நம்ம ரயில் அந்தப் பக்கத்து பிளாட்பாரத்துக்கு வருதாம்!”

“யாரு சொன்னா?”

“அதான் சொன்னாங்களே! உனக்குக் கேக்கலை?”

படியேறி இறங்கி ஓடினோம். இவர் முதுகைக்கூட மறந்துவிட்டார். நாங்கள் அந்தப் பக்கம் போய் நிற்கவும் ரயில் வரவும் சரியாக இருந்தது. உட்கார்ந்த பிறகு அந்த அறிவிப்பை வரிவரியாகச் சொல்லிக் காட்டினார். “ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா வந்து விழுந்துச்சு! ஈ இல்ல, மனுஷன் பேசுறான்!” எதிரே இருந்த முன்பின் தெரியாதவரிடமும் சொன்னார். இவர் முகம் இருந்த அழகை என்னவென்று சொல்ல! முதன்முதலாக லைசென்ஸ் வாங்கி வந்த அன்றைக்குத்தான் அப்படிச் சிரித்தார்.

எனக்கும் சந்தோஷம்தான். கல்லூரி நெருங்க நெருங்கத்தான் கவலை பிடித்துக்கொண்டது. இந்த மனுஷருக்கு இன்றைக்கு எப்படிக் கோபம் வரும்? கோபம் வராவிட்டால் இங்கிலீஷ் எப்படி வரும்? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது.

அறை வாசலில் அஸ்திரத்தை விட்டேன்.

“என்னங்க, உங்க குஷனை எவனும் திருடலை. நான்தான் குப்பையில போட்டேன்.”

“அதுவா? கிழிஞ்சு போனதுதானே, விடு” என்று என் தோளைத் தட்டினார்.

உள்ளே போனோம். வெளியிலிருந்து வந்த பரீட்சைக்காரம்மா, நரைத்த கிராப்புத் தலை, கையில் பேனா. சீட்டு எடுக்கச் சொன்னார். எடுத்த சீட்டைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. கடையில் வாங்கிய மின்விசிறி சுற்றவில்லை, கடைக்காரரிடம் புகார் சொல்லுங்கள். புகார்! பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நான் கடைக்காரி, இவர் சண்டைக்கு வந்தவர்.

“எஸ் சார், வாட் இஸ் யுவர் பிராப்ளம்?” என்றேன், வாலையெல்லாம் வெட்டி.

இவர் புன்னகையோடு பார்த்தார். “நோ பிராப்ளம்.”

“உங்கள் ஃபேன் சுற்றுகிறதா?” என்று இங்கிலீஷில் இழுத்துப் பார்த்தேன்.

“நோ. பட் நோ பிராப்ளம். வின்டோ இஸ் தேர்.”

பரீட்சைக்காரம்மாவின் பேனா நின்றுவிட்டது. நான் ஜாடை காட்டினேன், முறைத்தேன், மேசைக்கு அடியில் காலை மிதித்தேன். இவர் பூவாய் மலர்ந்து உட்கார்ந்திருக்கிறார். கன்ட்ரோல் ரூம் நாற்காலி என் கண்ணெதிரே கைநழுவிப் போனது. அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. பாடத்துக்காக வந்ததில்லை, அசல் கோபம்.

நான் பேசியது இங்கிலீஷில். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். பிராப்ளம் இல்லையா? உனக்கு என்றைக்குமே பிராப்ளம் இல்லை. ராத்திரி புரண்டு படுக்கும்போது முனகுகிறாய், காலையில் கேட்டால் பிராப்ளம் இல்லை என்கிறாய். நான் விழித்துக்கொண்டு கிடக்கிறேன். இந்த வேலை போனால் நீ என்ன ஆவாயோ என்று நான் பயந்து செத்துக்கொண்டிருக்கிறேன். ஹோட்டலில் விரிப்பைத் தேய்த்துக்கொண்டே பயப்படுகிறேன். புகார் சொல்! வாயைத் திறந்து ஒரே ஒரு தடவை, வலிக்கிறது என்று சொல்!

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. நான் இங்கிலீஷில் இவ்வளவு பேசினேனா? ‘நீங்க’ போட வழியில்லாத பாஷையில் இவரை நீ, வா, போ என்று வேறு பேசியிருக்கிறேன். பரீட்சைக்காரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, யார் கடைக்காரர் என்று மெதுவாகக் கேட்டார்.

“இப்போது நான்தான் கடைக்காரன், மேடம். புகார் அவளுடையது” என்றார் இவர், இங்கிலீஷில். பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் ஹாரன் இல்லை. கோபம் துளிகூட இல்லை. ஆனால் பேச்சு வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாக. வலிக்கிறது. படியேறினால் வலிக்கிறது, ஷூ போட்டால் வலிக்கிறது. எனக்கும் பயம்தான். ஆனால் இன்றைக்குக் காலையில் ஸ்டேஷனில் ஒரு குரல் பேசியது, அது எனக்குப் புரிந்தது. கன்ட்ரோல் ரூமில் குரல்தானே வரும்? என்னால் அந்த வேலையைச் செய்ய முடியும் என்று இன்றைக்குத்தான் முதன்முதலாகத் தோன்றியது. அதனால்தான் சிரிக்கிறேன். நீயும் சிரி.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பேனா மறுபடி எழுத ஆரம்பித்த சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே வந்து நின்றோம். கதவுக்கு அந்தப் பக்கம், உள்ளே போயிருந்த டீச்சரும் பரீட்சைக்காரம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் வெட்கமே இல்லாமல் கதவில் காதை வைத்தார்.

“என்னங்க இது, யாராவது பார்க்கப் போறாங்க!”

“உஷ்! நான் பாஸு. நீயும் பாஸு. இரு, இரு, உன்னைப் பத்தி என்னமோ சொல்றாங்க.”

“என்ன?”

“இந்தம்மாவைக் கன்ட்ரோல் ரூம்ல உட்கார வெச்சா ஒரு பஸ்ஸும் லேட்டா போகாதாம்.”

வரிசையில் காத்திருந்த மீசைக்காரர் திடுக்கிட்டுப் பார்க்கிற மாதிரி நாங்கள் சிரித்தோம். சிரித்துச் சிரித்து இவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். படிக்கட்டுக்கு வந்த பிறகுதான் மெல்லக் கேட்டார்.

“நிஜமாவே முழிச்சுக்கிட்டுதான் கிடப்பியா?”

“ஆமாங்க.”

“இதையெல்லாம் தமிழ்லயே சொல்லியிருக்கலாமே?”

“தமிழ்ல சொன்னா நீங்க எங்க காதுல வாங்குனீங்க?”

இவர் கைப்பிடியைப் பிடித்து ஒரு படி இறங்கி, “வலிக்குது” என்றார், தமிழில். நான் பக்கத்தில் போய்த் தோளைக் கொடுத்தேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து மெதுவாக இறங்கினோம்.